சாயம் இறங்கிய மலை

முதலில் ஒரே ஒரு கோடுதான் இறங்கியது. காய்ந்த பிளாஸ்டரின் வெள்ளையில் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய பழுப்புக் கோடு. மலையுச்சியில் நான் ஒட்டியிருந்த தேயிலையிலிருந்து புறப்பட்டு, கொஞ்சம் தயங்கி, இடப்பக்கம் திரும்பியது.

என் கையில் தண்ணீர் தெளிக்கும் போத்தல். அயன் பண்ணும்போது துணிக்குத் தெளிப்பார்களே, அது. உள்ளே தண்ணீரில் கரைத்த வெள்ளைப் பசையும், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டும். தூவிய பொருள் உதிராமல் பிடிக்க அதைத்தான் தெளிக்கவேண்டும் என்று நான் பார்த்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது கோடு இறங்கியது. பிறகு மூன்றாவது. மூன்றும் மலையின் நடுவில் ஒரு பள்ளத்தில் கூடின. அங்கிருந்து ஒன்றாகத் தடித்து, அடிவாரத்தில் நான் வைத்திருந்த பத்துக் காம்பரா கொண்ட தோட்டத்து வரிசை வீடான லயத்தை நோக்கி வந்தன. ரயில் பாதைக்குப் போகவில்லை. சுரங்கத்துக்குள்ளும் போகவில்லை. லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் போய் நின்று குளம் கட்டின.

காம்பராவின் சுவர் பால்மா பெட்டியின் அட்டை. அது நீரை உறிஞ்சி, உப்பி, மெதுவாக முன்பக்கம் சாய்ந்தது.

அந்தப் பத்தாவது காம்பராவில்தான் என் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அட்டைக் காம்பராவில் அல்ல. பன்விலைக்கு மேலே, உண்மையான மலைக்குக் கீழே.

கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு ரயில்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நான் கணிதம் படிப்பிக்கிறேன் என்பதும், ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன் என்பதும் இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கடைக்காரரை எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். நானும் அப்படித்தான்.

வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தம்பி ஒரு பொம்மை ரயில் அனுப்பியிருந்தார். ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம், சுவரில் செருகுகிற கறுப்புப் பெட்டி ஒன்று. அதைக் கடை முகப்புக் கண்ணாடிக்குள் ஓடவிட்டால் பஸ்ஸுக்கு நிற்கிற சனம் உள்ளே வரும் என்பது ஹாஜியாரின் கணிப்பு. ஆனால் வெறும் பலகையில் ரயில் ஓடினால் யார் பார்ப்பார்கள்? மலை வேண்டும், சுரங்கம் வேண்டும், தேயிலை வேண்டும்.

நீங்கதான் கணக்கு மாஸ்டர், அளந்து செய்வீங்க என்று என்னிடம் விட்டுவிட்டார். சாமான் எல்லாம் கடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. சின்ன வயதில் ஒரு பொம்மை ரயிலைத் தொட்டுக்கூடப் பார்த்தவன் இல்லை நான். இருபத்தைந்து வயதில் ஒன்று கைக்கு வந்தது.

நாலடிக்கு மூன்றடிப் பலகை. டிவி பெட்டிக்குள் வைத்து வருகிற வெள்ளை ரெஜிபோம் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டி, பாண் வெட்டும் கத்தியால் செதுக்கினேன். அறை முழுக்க வெள்ளைப் பொடி பறந்தது. பொடி என் மயிரிலும் வெள்ளைச் சட்டையிலும் சோற்றிலும் இருந்தது. அதன் மேல் பாமசியில் வாங்கிய காயத்துணியை பிளாஸ்டர் கரைசலில் தோய்த்துப் போர்த்தினேன். காய்கிறபோது பிளாஸ்டர் சூடாகும். கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி இருந்தது மலை.

தண்டவாளத்துச் சல்லிக்கல்லுக்குக் கடைக்குப் பின்னால் கிடந்த மணலைத் தேயிலை வடியால் சலித்தேன். மரங்களுக்குத் தும்பு. வேலிக்கு நுளம்பு வலை. எல்லாம் நன்றாகவே வந்தது.

ஒரு தவறு செய்தேன். எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

மலைக்குத் தேயிலைச் செடி வேண்டும் என்றதும் பச்சைப் பொடி எதையும் தேடவில்லை. அடுக்களைக்குப் போய் அம்மா கொடுத்துவிட்டிருந்த தேயிலைத்தூள் பக்கெட்டை எடுத்துவந்தேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கிற தூள். எங்கள் வீட்டில் எது இல்லாவிட்டாலும் அது இருக்கும். தேயிலை மலைக்கு அதைவிடப் பொருத்தமானது எங்கே கிடைக்கும்? மலைக்கு வர்ணம் பூசிய பிறகுதான் தூவவேண்டும் என்று வீடியோவில் சொன்னதையும் கேட்கவில்லை. உச்சியில் மட்டும் முதலில் ஒட்டிப் பார்த்துவிடலாம் என்ற அவசரம்.

பழுப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது ஹாஜியார் பின்னால் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“என்ன மகன் இது. தேயிலைக்குத் தண்ணி ஊத்தினா சாயம் எறங்காம பாலா எறங்கும்?”

நானும் சிரிக்க முயன்றேன். வாய் கோணியது. அந்தப் பள்ளத்திலிருந்து என் கண்ணை எடுக்க முடியவில்லை.

கை வைத்த பள்ளம்

அந்தப் பள்ளத்தை நான் யோசித்து வைக்கவில்லை. செதுக்கும்போது எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த மலை ஒன்றுதான். கை அதையே செய்துவிட்டது.

பன்விலைப் பக்கம் ரயிலே கிடையாது. வத்துகாமத்துக்குப் போனால்தான் நாங்கள் ரயிலைப் பார்ப்போம். கடையில் வேலை செய்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டு இது எந்த இடம் என்று கேட்டபோது நான் உண்மையைச் சொன்னேன். பன்விலைக்கு ரயில் விட்ட மொதல் ஆள் எங்கட மாஸ்டர்தான் என்று ஹாஜியார் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உண்மையான மலையில் அந்தப் பள்ளம் எங்கள் லயத்துக்கு நேர் மேலே இருக்கிறது. முன்பு அங்கே ஒரு கான் இருந்தது. மழைத் தண்ணீரை மலையின் குறுக்காக வாங்கிக் கொண்டுபோய் ஓடையில் விடுகிற வாய்க்காலை நாங்கள் கான் என்போம். அதை வெட்டித் துப்புரவாக்குவது தோட்டத்தில் ஒரு வேலை. அப்பா அந்த வேலையில்தான் இருந்தார். பிறகு அந்த வேலைக்கு ஆள் போடுவதைக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். அப்பாவைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். கான் தூர்ந்து, புல் மூடி, வெறும் பள்ளமாகியது.

நாங்கள் மழைக்குப் பயந்த பிள்ளைகள். இடிக்கு அல்ல, மின்னலுக்கும் அல்ல. தகரத்தில் மழை சீராகப் பெய்தால் பயமில்லை. இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு திடீரென்று நின்றால்தான் பயம். அப்போது பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். பிறப்புச் சான்றிதழ்கள் வைத்த பிஸ்கட் டின்னை அம்மா கதவோரம் கொண்டுவந்து வைப்பாள். ஏன் என்று கேட்டால் சும்மா என்பாள்.

ஓடைக்கு எதிர்ச்சரிவில் இன்னொரு லயம் இருந்ததாம். நான் பிறப்பதற்கு முன் ஒரு மழையில் அது போய்விட்டது. அந்த இடத்துக்குத் தோட்டக் கணக்கில் ஒரு நம்பர் உண்டு. ஆனால் யாரும் சொல்லமாட்டார்கள். ‘அந்தப் பக்கம்’ என்பார்கள். அந்தப் பக்கம் இப்போது தேயிலை நன்றாக வளர்ந்திருக்கிறது. கொழுந்து பறிக்கிற பெண்கள் மற்ற மலைகளில் கத்திக் கதைப்பார்கள், பாடுவார்கள். அங்கே போனால் கூடையின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

எழுதாமல் விட்ட கடிதம்

இந்தத் தொடரின் ஆரம்பத்தில் ஓர் அத்தியாயம் எழுதினேன். குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், லயத்துக்கு வருகிற கடிதம், பத்திரம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் நான்தான் வாசித்துக் காட்டுவேன் என்று. சிங்களமும் எனக்கு ஓரளவு வாசிக்க வரும் என்று. கொஞ்சம் பெருமையோடு எழுதினேன். பல பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள்.

ஒரு கடிதத்தை நான் அதில் எழுதவில்லை.

எனக்குப் பதினாறு வயது, சாதாரணதரப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும். இரண்டு உத்தியோகத்தர்கள் ஜீப்பில் வந்தார்கள். முக்காலியில் ஒரு கருவியை வைத்து மலையைப் பார்த்தார்கள். மேலே ஏறி, இறங்கி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு, எங்கள் காம்பரா வாசலில் உள்ள இஸ்தோப்புச் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். கணக்கப்பிள்ளை தலையாட்டிவிட்டு அவர்களோடு ஜீப்பிலேயே போய்விட்டார்.

தாள் சிங்களத்தில் இருந்தது. லயமே கூடி நின்றது. தம்பி, படி என்றார் அப்பா.

நான் மனதுக்குள் ஒருமுறை வாசித்தேன். ஐந்து விஷயம் இருந்தது. ஒன்று, இந்தச் சரிவு உறுதியில்லாதது. இரண்டு, ஏழு முதல் பத்து வரையான காம்பராக்களில் ஆட்கள் குடியிருக்கக்கூடாது. மூன்று, கடும்மழை பெய்தால் உத்தரவுக்குக் காத்திராமல் எல்லாரும் வெளியேறவேண்டும். நான்கு, ஊற்றுத் தண்ணீர் கலங்கினாலோ திடீரென்று நின்றாலோ அந்த நிமிடமே வெளியேறவேண்டும். ஐந்து, மேலே உள்ள கான்கள் அடைபடாமல் இருக்கவேண்டும்.

பத்தாவது காம்பராவில், பின்சுவர் ஓரமாக, எனக்கென்று ஒரு மேசை இருந்தது. அப்பா பழைய பலகையில் அடித்துக் கொடுத்தது. முன்னொருமுறை மழைக்காக எங்களையெல்லாம் பிள்ளைக் காம்பராவில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்கிற ஒற்றை மண்டபம் அது. பத்துக் குடும்பம், ஒரு மின்குமிழ், இரண்டு மாதம். அந்தத் தவணை நான் கணிதத்தில் சித்தியடையவில்லை.

எல்லா முகமும் என் வாயைப் பார்த்தன.

“மழை பெஞ்சா கவனமா இருக்கச் சொல்லியிருக்காங்க” என்றேன்.

அவ்வளவுதானா என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான் என்றேன்.

கூட்டம் கலைந்தது. அரசாங்கத் தாள் நனையக்கூடாது என்று அம்மா அதை மெதுவாக உரித்து எடுத்து, மடித்து, பிஸ்கட் டின்னுக்குள் வைத்தாள். உத்தியோகத்தர்கள் திரும்பி வரவில்லை. நான் பரீட்சையில் நன்றாகச் செய்தேன். லயத்தில் எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

பரீட்சை முடியட்டும், சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடிந்தது. அடுத்த பரீட்சை வந்தது. பிறகு சொன்னால் அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. மலை விழும் என்ற பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது. எட்டொன்பது வருடம் போய்விட்டது.

பஸ்ஸில்

சாயம் இறங்கிய மறுநாள் சனிக்கிழமை. இரண்டு நாளாகத் தூறிக்கொண்டிருந்தது. கண்டி மாவட்ட மலைப்பகுதிகளுக்கு எச்சரிக்கை என்று போனில் செய்தி வந்தபடி இருந்தது. சாய்ந்த அட்டைக் காம்பராவை ஹாஜியார் நிமிர்த்தி, பின்னால் ஒரு தீக்குச்சியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு நான் பன்விலை பஸ் ஏறினேன்.

ஜன்னல் கண்ணாடி பனித்திருந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். வத்துகாமம் தாண்டியதும் பாதையோர மண்வெட்டுகளில் எல்லாம் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இதற்கு முன் நூறு தடவை போன பாதை. அன்றைக்கு ஒவ்வொரு மண்வெட்டின் நிறத்தையும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், தம்பிக்குத் தலை சுத்துதா என்று கேட்டு, ஒரு தோடம்பழத் தோலை மோந்து பார்க்கக் கொடுத்தார்.

எப்படித் தொடங்குவது என்று வசனம் வசனமாகச் சொல்லிப் பார்த்தேன். எந்த வசனமும் இரண்டாவது சொல்லுக்கு மேல் போகவில்லை.

பிஸ்கட் டின்

அம்மா மலையிலிருந்து வந்து, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சீலையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லாமல் வந்திருக்கியே, மேலுக்கு முடியலையா என்றாள். அப்பா இஸ்தோப்பில் கதிரையில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் புதுப் பிடி செருகிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து நின்றாலும் அவருக்கு அதை விடமுடியவில்லை.

நான் நேராக உள்ளே போய்ப் பின்சுவரைத் தொட்டேன். ஈரம். அது எப்போதும் ஈரம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் மேசை இருந்த இடத்தில் சுவரில் ஒரு வெடிப்பு. அதை அம்மா காலண்டரால் மறைத்திருந்தாள்.

டின்னைக் கேட்டேன். வேலைக்கு ஏதாவது சான்றிதழ் கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தாள். அடியில் அந்தத் தாள் இருந்தது. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

அப்பா முன்னால் போய் நின்று, ஐந்தையும் தமிழில் சொன்னேன். மெதுவாக, ஒன்று விடாமல். என் குரல் வகுப்பில் பேசுகிற குரல் மாதிரி இருந்ததாம். அம்மா பிறகு சொன்னாள்.

அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“இது புதுசா வந்த தாளா?”

“இல்லப்பா. அன்னைக்கு ஒட்டினதுதான்.”

“அன்னைக்கே இது அம்புட்டும் அதுல இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

அவர் என்னை அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். தன் உள்ளங்கையைப் பார்த்தார். கான் வெட்டிக் காய்த்த கை. பிறகு எழுந்தார்.

“எனக்குப் படிச்சது போதும். வெளிய வா. எல்லாருக்கும் படி.”

நாளைக்குச் சொல்லலாமே என்று அம்மா தடுத்தாள். அப்பா அவளைப் பார்க்காமலே ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனார்.

இரண்டாம் வாசிப்பு

அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றேன். சிலர் குடை பிடித்திருந்தார்கள். சிலர் உரச்சாக்கைத் தலையில் போட்டிருந்தார்கள். மழை பெரிதாகவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. அந்தப் பக்கம் போகிற பெண்களின் மௌனம் மாதிரி இருந்தது.

முதலில் ஆறாம் காம்பரா முத்து மாமா பேசினார். என்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவர். “படிச்ச வாய் பேசத்தான்னு நெனச்சோம். மூடவும் தெரிஞ்சிருக்கு” என்றார். சத்தம் போடவில்லை. சாக்கை உதறிக்கொண்டு உள்ளே போனார்.

எட்டாம் காம்பரா செல்வி அக்கா கிட்டே வந்தாள். இடுப்பில் கை வைத்து என் முகத்தையே பார்த்தாள்.

“எம் புள்ள பொறந்ததுலேருந்து அந்தச் செவுத்துக்குத்தான் தலைய வச்சுப் படுக்குது. ஒனக்குத் தெரியும்ல தம்பி? வரப்ப எல்லாம் பாத்துட்டுத்தான போற?”

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

அவள் போய் முதலில் தலையணையை எடுத்தாள். பிறகுதான் பிள்ளையை.

அன்று பின்னேரமே எல்லாரும் பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கினார்கள். பானை, பாய், கோழி, டிவி எல்லாம். நானும் சுமந்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் என்னோடு கதைக்கவுமில்லை. ஒவ்வொரு முறை திரும்பி ஏறும்போதும் மலையைப் பார்த்தேன். மேகத்துக்குள் பாதி தெரியாமல் நின்றது. இப்போது விழுந்தால் நான் உள்ளே இருக்கும்போதே விழட்டும் என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். அடுத்த நொடியே அப்படி நினைத்ததற்காகப் பயந்தேன்.

மலை விழவில்லை

ஒன்பது நாள் காத்திருந்தார்கள். மழை விட்டது. மலை அப்படியே நின்றது. எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பி ஏறினார்கள்.

மாஸ்டரோட மலை எப்ப வருதாம் என்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் பகிடி பண்ணுகிறார்கள் என்று அம்மா போனில் சொன்னாள். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் சாகும்வரை அவர்கள் அப்படியே பகிடி பண்ணிக்கொண்டிருக்கட்டும்.

லயத்து ஆட்களுக்கு வேறு இடம் கேட்டு எழுதினேன். மூன்று அலுவலகத்துக்கு, மூன்று மொழியில். பதில் வந்தது ஒன்றிலிருந்து. கடிதம் கிடைத்தது என்று.

கடை மலையைத் திரும்பச் செய்தேன். பழுப்பான பிளாஸ்டரைச் சுரண்டி, புதிதாகப் போர்த்தி, இந்த முறை முதலில் வர்ணம் பூசினேன். ஹாஜியார் வீட்டில் ஒரு கிழமை குடித்த தேயிலைச் சக்கையை வாங்கி, நிறம் போகும்வரை மூன்று தரம் கொதிக்கவைத்து, தகரத்தில் காயவைத்துத் தூவினேன். சாயம் இறங்கவில்லை. பள்ளத்துக்கு மேலே, மலையின் குறுக்காக, ஒரு ஆணியால் கான் கீறினேன். போத்தலால் தெளித்துப் பார்த்தேன். தண்ணீர் அந்தக் கீறலில் சேர்ந்து, ஓரமாக ஓடி, ரயில் பாதையின் மதகுக்கு அடியில் விழுந்தது. பத்துத் தடவை தெளித்துப் பார்த்தேன்.

லயத்தை இரண்டு விரலால் தூக்கிச் சுரங்கத்துக்கு மறுபக்கம், மேட்டில் வைத்து ஒட்டினேன். பலகையில் அது எவ்வளவு லேசு.

பள்ளத்துக்குக் கீழே வெறுமையாக இருக்கிறதே, அங்கே ஒரு கோயில் வைப்போமா, ஒரு பள்ளிவாசல் வைப்போமா என்று ஹாஜியார் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த இடத்தில் புல் மட்டும் ஒட்டியிருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நிற்கிற சனத்துக்கு அது புல்தான்.

அப்பாவும் இன்னும் நாலு பேரும் லயத்துக்கு மேலே உண்மையான கானை வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. பாதி வந்திருக்கிறது. முத்து மாமாவும் வருகிறாராம். தாளை அம்மா திரும்பச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பக்கத்தில் என் கையெழுத்தில் தமிழ்.

நாலாவது

இந்த அத்தியாயத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதத் தொடங்கினேன். ‘அந்தப் பக்கம்’ பற்றிய பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. பாலத்துக்கு அப்பால் மகாவலிக் கரை தெரியவில்லை. கீழே கடையில் ரயில் சுற்றிக்கொண்டிருந்தது. சுரங்கத்துக்குள் போகும்போது அதன் சத்தம் அடங்கும், வெளியே வரும்போது கேட்கும். நான் பேனையை வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. அவர் தானாகப் போன் எடுப்பதில்லை.

“ஊத்துப் பீலித் தண்ணி கலங்கி வருது. அந்தத் தாள்ல நாலாவதா இருந்துச்சே, அது. எறங்குறோம்.”

நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். வைத்துவிட்டார்.

நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கீழே ரயில் எத்தனை தரம் சுரங்கத்துக்குள் போனது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தரமும் அது வெளியே வரும்வரை மூச்சு விடவில்லை.

பிறகு போன் அடித்தது. பின்னால் குழந்தைகளின் அழுகைச் சத்தம், பானைச் சத்தம். அப்பாவுக்கு மூச்சிரைத்தது.

“பத்துக் காம்பராவும் வந்தாச்சு. செல்வி புள்ள எங்கிட்டதான் இருக்கு. மலை ஒண்ணும் தெரியல, ஒரே மூட்டம்.”

நான் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். டின்னோடு உட்கார்ந்திருக்கிறாள் என்றார். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

“தம்பி” என்றார். குரலைத் தாழ்த்தியிருந்தார், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல். “அந்தத் தாள்ல இன்னும் ஏதாச்சும் படிக்காம விட்டிருக்கியா?”

“இல்லப்பா.”

சரி என்றார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

போனில் அந்தத் தாளின் படம் இருக்கிறது. வைத்த உடனே அதை எடுத்துப் பெரிதாக்கி, மேலே இருக்கும் முத்திரையிலிருந்து கீழே இருக்கும் கையொப்பம் வரை, ஒவ்வொரு எழுத்தாக, மறுபடி வாசித்தேன்.